செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

முன்சீப் ஞானசெல்வியின் மேசைமேல் இருந்த டம்ளர் தண்ணீர் அய்யம்மாள் பக்கம் முதன்முதலாகச் சாய்ந்தது 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. டம்ளர் நேராகத்தான் இருந்தது. உள்ளே இருந்த தண்ணீர் மட்டும் சாட்சிக் கூண்டை நோக்கி ஒரு விரல்கடை உயர்ந்து, எதிர்ப்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்து, சிந்தாமல் அப்படியே நின்றது. கோர்ட் தேனிக்கும் கூடலூருக்கும் நடுவே ஒரு ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம், ஏற்கெனவே வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சமாளித்து ஓய்ந்துவிட்டோம் என்று ஊழியர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. முதலில் பார்த்தவர் டவாலி பலவேசம். சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டு பெயர்களை மூன்று முறை கூப்பிடுவதும், பத்தரை மணிக்கு அந்த டம்ளரை நிரப்பி வைப்பதும் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. தான்தான் சரியாக ஊற்றவில்லை என்று நினைத்து அவர் டம்ளரைத் திருப்பி வைத்தார். தண்ணீர் டம்ளரோடு திரும்பவில்லை. இருந்த பக்கமே நின்றது.

அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது 2014ஆம் வருடத்து அசல் வழக்கு ஒன்று, அக்காளுக்கும் தம்பிக்கும். சங்கிலிக்கரட்டு அடிவாரத்தில் அவர்களுடைய அப்பா வெட்டிய கிணறு இருக்கிறது. கிணற்றுக்குக் கிழக்கே தம்பி சின்னக்கருப்பின் வீடும் தோட்டமும், மேற்கே அய்யம்மாளின் வீடும் தோட்டமும். 1995 வைகாசியில் அய்யம்மாளைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கே கட்டிக்கொடுத்தபோது நகை போட அப்பாவிடம் வசதியில்லை. அதனால் அவர் மகளுக்கு ஒரு கிழமையைப் போட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் கிணற்று மேட்டில் நின்று, வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் தம்பிக்கு, செவ்வாய்க்கிழமை உனக்கு என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் கிணற்று முறையை யாரும் எழுதி வாங்குவதில்லை, சொன்னால் போதும். எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். அய்யம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமைக்காரி என்றே பெயர் விழுந்தது. பத்தொன்பது வருடமும் நான்கு மாதமும் ஒரு செவ்வாய்கூடத் தவறாமல் மோட்டார் ஓடியது. அந்தத் தண்ணீரில்தான் அவள் ஒரு ஏக்கருக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டாள்.

சின்னக்கருப்பைக் கெட்டவன் என்று எழுத முடியாது. 2014இல் மழை பொய்த்துப்போய்க் கிணறு நாளுக்கு இரண்டு மணி நேரத் தண்ணீர்தான் கொடுத்தது. அவனுடைய இரண்டு ஏக்கர் கொடியும் கவாத்து செய்து தளிர் விடுகிற நேரம். ஒரே ஒரு செவ்வாய்க்கு மட்டும் என்று நினைத்து மோட்டார் ரூமைப் பூட்டினான். அடுத்த செவ்வாயும் பூட்டினான். மூன்றாவது வாரத்தில் அக்காள் முகத்தைப் பார்க்க வெட்கமாகிவிட்டது. நாலாவது வாரத்தில் அந்த வெட்கம் கோபமாகி, அப்பா அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டான். ஒரு தடவை சொன்னதைக் காப்பாற்ற வக்கீல் வைக்க வேண்டியதாயிற்று. அப்பா சொன்னபோது கிணற்று மேட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் அப்பா, அம்மா, அய்யம்மாளின் புருஷன் மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அய்யம்மாளைத் தவிர அந்தப் பேச்சைக் காதால் கேட்டவன் உயிரோடு ஒருவன்தான் உண்டு. மண்வெட்டியோடு வாய்க்கால் வரப்பில் நின்றிருந்த சின்னக்கருப்பு.

ஞானசெல்வி தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். சிறுவயதில் செம்மண்ணில் இரண்டு மைல் நடந்து, ஊர்ப் பொதுக் கிணற்றில் முறைக்கு நின்று தண்ணீர் எடுத்தவர். அவர்கள் வீட்டு முறை எப்போதும் கடைசி. குடத்தில் பாதி சேறாக இருக்கும். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு கறாரான மனுஷி. இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து ஒரு வருடம் ஆகியும், கட்சிக்காரர்களில் யாருடைய தோட்டத்துப் பழமாக இருக்குமோ என்று கடையில்கூடத் திராட்சை வாங்கியதில்லை. அந்த வியாழக்கிழமை கூண்டில் நின்ற அய்யம்மாள், "காத்துக்கிட்டே இருந்தேன்மா, செவ்வாக்கெழம வந்துருச்சு, தண்ணி வரல" என்று சொன்னபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். அவர் எழுதிய அந்த நேரத்தில்தான் தண்ணீர் சாய்ந்தது.

அதன்பிறகு அந்த வழக்கு வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் சாய்ந்தது. மற்ற வழக்குகளில் சமமாக நின்றது. பலவேசம் டம்ளரை மாற்றினார், செம்பு வைத்தார், மூடி போட்ட பாட்டில் வைத்தார். பாட்டிலுக்குள்ளும் சாய்ந்தது. ஞானசெல்வி லீவில் போய் வேறு நீதிபதி பொறுப்பில் உட்கார்ந்த இரண்டு வாய்தாவிலும் தண்ணீர் அசையவில்லை. சின்னக்கருப்பின் வக்கீல் எபனேசர் போடி கடைவீதிக் குடும்பத்தில் பிறந்தவர், எதையும் எடை போட்டுப் பார்க்காமல் பேச மாட்டார். அவர் ஒரு ஆசாரியை ரசமட்டத்தோடு அழைத்துவந்தார். சாப்பாட்டு இடைவேளையில் மேசை துல்லியமான மட்டத்தில் இருப்பதாக ஆசாரி சொன்னார். மூன்று மணிக்கு வழக்கைக் கூப்பிட்டதும், அவர் கையிலேயே இருந்த ரசமட்டத்தின் குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. இருநூறு வீட்டுக்கு நிலைவாசல் வைத்த மட்டம் இது என்று சொல்லி அவர் கண் கலங்கினார். ஆண்டிபட்டியிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் பஸ் ஏறி ஆட்கள் வந்தார்கள். கூடலூரிலிருந்து குமுளிக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்காரர்கள் ஒரு சவாரியை விட்டுவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு வழக்குக்காரர்கள் தங்கள் முறை வரும்போது எட்டி எட்டி டம்ளரைப் பார்த்தார்கள். தண்ணீர் தங்கள் பக்கம் சாயாமல் சமமாக நிற்பதைப் பார்த்துப் பயந்து இரண்டு வழக்குக்காரர்கள் வெளியிலேயே சமாதானமாகப் போய்விட்டார்கள்.

நவம்பரில் எபனேசர் மனுப் போட்டார். நீதிபதியின் நேர்மையைப் பற்றித் தன் கட்சிக்காரருக்கு எந்தக் குறையும் இல்லை என்றும், ஆனால் பார்க்கிற எவருக்கும் பாரபட்சம் இருப்பதாகத் தோன்றும்படி டம்ளர் இருப்பதால் அவர் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. மனுவோடு ஒரு சர்வேயர் வரைந்த வரைபடமும் இணைக்கப்பட்டிருந்தது. டம்ளரின் நான்கு எல்லைகள், தண்ணீர் உயர்ந்த பக்கம், தாழ்ந்த பக்கம், எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் அளவுப்படி. ஞானசெல்வி அதைப் பொறுமையாகப் படித்தார். வழக்கைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, எவர் பக்கமும் தனக்கு மனம் போகவில்லை, ஒரு டம்ளருக்காகக் கோர்ட் எழுந்து போக முடியாது என்று எழுதி மனுவைத் தள்ளுபடி செய்தார். அவர் பொய் எழுதவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார்.

ஆனாலும் உறுத்தல் இருந்தது. அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தார். கையில் இருந்த வழக்குகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பாகப்பிரிவினை, கடைக் காலி, வரப்புத் தகராறு, எல்லாவற்றுக்கும் தண்ணீர் சும்மா இருந்தது. அய்யம்மாளை நினைத்தார். ஏழு கிண்ணமும் ஒரே நேரத்தில் சங்கிலிக்கரடு இருக்கும் திக்கில் சாய்ந்தன. அவர் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். தன் மனசு தனக்குத் தெரியாமல் ஒரு பக்கம் போயிருக்கிறது என்பதைவிட, அது இன்னமும் அந்தச் செம்மண் கிணற்றடியில் குடத்தோடு நிற்கிறது என்பதுதான் அவரை அழவைத்தது. பிறகு ஏழு கிண்ணத்துத் தண்ணீரையும் கீழே கொட்டாமல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். மனுவைத் தள்ளுபடி செய்தாகிவிட்டது. இனி எப்படி விலகுவது என்று அவருக்குத் தெரியவில்லை, விலக மனமும் வரவில்லை. தான் போய்விட்டால் அந்தப் பொம்பளைக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தார். அப்படி நினைத்ததே தப்பு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

2017 பிப்ரவரியில் அய்யம்மாள் தன் வக்கீல் யுவராணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து நின்றாள். அதற்குள் அவள் பந்தலில் பாதி காய்ந்து, கம்பியில் வெறும் குச்சிகள் தொங்கின. மீதியை டேங்கர் தண்ணீர் ஊற்றி உயிரோடு வைத்திருந்தாள். தீர்ப்புக்கு அதிக நாள் இல்லை, ஜெயிப்பு நமக்குத்தான் என்று யுவராணி சொல்லியிருந்த நேரம்.

"அம்மா, இந்தக் கேச நீங்க பாக்க வேணாம்மா. விட்டுருங்க" என்றாள் அய்யம்மாள்.

யுவராணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஞானசெல்வி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"ஏன்மா? என்மேல் உங்களுக்கு என்ன சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. நீங்க எனக்குத்தான் எழுதுவீக. எனக்கும் தெரியும், இங்கன இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அதான் வேணாங்கிறேன்." அவள் எதிர்வரிசையைக் காட்டினாள். "அந்தா அங்கன நிக்கிறான்ல, அவன் என் கூடப்பெறந்தவன். நான் செயிச்சா, டம்ளருதான் செயிக்க வச்சுச்சும்பான். சாகுற மட்டும் அதையே சொல்லிக்கிட்டு இருப்பான். அப்பா சொன்னாகன்னு அவன் வாயில வராமயே போயிரும். எனக்குத் தண்ணி வேணும்மா. தம்பியும் வேணும்."

தண்ணீர் அப்போது சாய்ந்த சாய்வில் டம்ளர் விளிம்பைத் தாண்டி வழிந்து, வழக்குக் கட்டை நனைத்து, மேசையோரமாகச் சொட்டியது. பலவேசம் துடைக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். ஞானசெல்வி ஈரக் கட்டைத் தன் கைக்குட்டையால் தானே துடைத்தார். நல்ல சாதிமல்லி வாசனை அந்த ஹாலில் எங்கிருந்தோ வந்தது என்று சிலர் சொல்வார்கள், அது பொய். பூக்காரி அந்த நேரத்தில் ஜன்னலோரம் போனாள், அவ்வளவுதான். ஞானசெல்வி அன்றைக்கே உத்தரவு எழுதினார். அது மொத்தம் ஆறு வரி. தன் மனம் நடுவில் இருப்பதாகத்தான் நம்பியதாகவும், நம்பியது போதாது என்று ஆதாயம் பெற வேண்டியவரே வந்து சொன்ன பிறகு இந்த இருக்கையில் இருப்பது முறையல்ல என்றும், முன் மனுவைத் தள்ளியதற்கு வருந்துவதாகவும், வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்ற மாவட்ட நீதிபதிக்கு அனுப்புவதாகவும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீர், தொட்டிலில் குழந்தை புரண்டு படுப்பதுபோல, மெதுவாக நடுவுக்கு வந்து படுத்தது. எபனேசர் எழுந்து நின்று தலை வணங்கினார். சின்னக்கருப்பு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கு அடுத்த ஊரில் விஜயகுமார் என்கிற முன்சீபிடம் போயிற்று. அவர் நல்ல மனுஷர், டம்ளரும் நல்ல டம்ளர். பதின்மூன்று மாதமும் தண்ணீர் ஒரு இழைகூட அசையவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அய்யம்மாள் முதலில் அதைத்தான் பார்ப்பாள், பார்த்துவிட்டுத் திருப்தியாக உட்காருவாள். சின்னக்கருப்பு கூண்டில் ஏறியபோது யுவராணி அவனிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். கிணற்று மேட்டில் உங்கள் அப்பா என்ன சொன்னார்? "ஞாபகம் இல்லங்கய்யா" என்று மூன்று தடவையும் நீதிபதியைப் பார்த்தே சொன்னான். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. அனுபவ பாத்தியதைக்குச் சட்டத்தில் இருபது வருடம் என்று எழுதியிருக்கிறது, பத்தொன்பது வருடமும் நான்கு மாதமும் என்று எழுதவில்லை. 2018 மார்ச் பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை வழக்கு தள்ளுபடி ஆனது. யுவராணி அழுதார். "நேரான தண்ணி, நேரான தீர்ப்பு. விடு தாயி" என்று அய்யம்மாள் அவரைத் தேற்றினாள். வெளியே வந்து சங்கிலிக்கரட்டுக்குப் போகும் ஒரே பஸ்ஸில் ஏறினாள். அதே பஸ்ஸில் மூன்று சீட் தள்ளிச் சின்னக்கருப்பும் வந்தான். ஜெயித்தவன் முகம் யாருக்கும் தெரியாமல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது.

வீட்டுக்குப் போனதும் தண்ணீர் கேட்டான். அவன் மனைவி தேவயானி செம்பில் கொண்டுவந்தாள். செம்பை வாங்கியவன் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் மேற்கே உயர்ந்து நின்றது. செம்பைத் திருப்பினான், மேற்கேதான் நின்றது. டம்ளரில் ஊற்றச் சொன்னான். டம்ளரிலும் அப்படியே. அண்டாவைத் திறந்து பார்த்தார்கள், சோற்றுப் பானையைப் பார்த்தார்கள், கன்றுக்குட்டியின் கழுநீர்த் தொட்டியைக்கூடப் பார்த்தார்கள்.

"இது ஒங்க அக்கா வீட்டுப் பக்கம்ல சாயுது" என்றாள் தேவயானி. அவளுக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

சின்னக்கருப்பு அந்தத் தண்ணீரைக் குடித்தான், அது மோவாயில் வழிந்து சட்டை நனைந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நான்கு நாளும் அவன் குளித்த வாளியில், கை கழுவிய சட்டியில், டீக்கடைக் கிளாஸில்கூட அதுதான் நடந்தது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கிளாஸில் டீயைக் கொஞ்சம் குறைத்து ஊற்றிக் கொடுத்தார்.

இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை, பொழுது விடிந்து பல் விளக்கிக்கொண்டிருந்த அய்யம்மாளுக்கு மோட்டார் சத்தம் கேட்டது. கூடவே தன் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தமும், மூன்றரை வருடமாகக் கேட்காத சத்தம். அவள் போய் யார் என்று பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி முதலில் மடையைத் திறந்தாள். காய்ந்த வாய்க்காலில் சருகையும் நண்டு வளை மண்ணையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்து அவள் காலை நனைத்தது. பந்தலுக்குள் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது கிணற்று மேட்டில் சின்னக்கருப்பு நின்றிருந்தான். கையில் பூட்டு, பூட்டோடு சாவி. அவன் அங்கிருந்தே பேசினான். மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் கத்திப் பேசினான்.

"அக்கா, அன்னைக்கு அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, கெழக்க பாத்து நின்னாக. கையில வேப்பங்குச்சி வச்சிருந்தாக. செவ்வாக்கெழம அவளுக்குன்னு சொன்னாக. நான் கேட்டேன்க்கா. நான் அங்கனதான் நின்னேன்."

அய்யம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். தீர்ப்பில் இல்லாத வேப்பங்குச்சி அவளுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் அழுதாள், அவனும் அழுதான். தண்ணீர் வீணாகப் போகிறது பார் என்று அவள்தான் முதலில் சொன்னாள். அவன் மேட்டிலிருந்து இறங்கி வந்து உடைப்பெடுத்த வரப்பை மிதித்து அடைத்தான்.

மே மாதம் ஞானசெல்விக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்த பலவேசத்தின் பக்கத்தில் அய்யம்மாள் ஒரு கூடைத் திராட்சையோடு நின்றாள். அப்பீலுக்கு நாள் முடிந்துவிட்டதா என்று ஞானசெல்வி கேட்டார். பலவேசம் விரல் விட்டு எண்ணி, முடிந்து ஒரு மாதமாயிற்று என்றார். அப்புறம்தான் ஞானசெல்வி ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு பழமாகத் தின்றார். கொட்டையைத் துப்பாமல் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். இப்போது அவர் வேறு மாவட்டத்தில் சார்பு நீதிபதியாக இருக்கிறார். காலையில் இருக்கையில் உட்கார்ந்ததும் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் டம்ளரைப் பார்ப்பார். இதுவரை மூன்று தடவை சாய்ந்திருக்கிறது. மூன்று தடவையும் அவரே வழக்குக் கட்டை மூடி வேறு கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு எழுதிவிட்டார். அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

சங்கிலிக்கரட்டில் மோட்டார் ரூமுக்கு இப்போது பூட்டு இல்லை, ஒரு கயிறுதான் கட்டியிருக்கிறது. அய்யம்மாளின் பந்தல் மறுபடி முழுசாக மூடிவிட்டது. சின்னக்கருப்பின் வீட்டில் மட்டும் தண்ணீர் இன்னும் நேராகவில்லை. அவன் அதை நேராக்க எந்த வைத்தியமும் பார்க்கவும் இல்லை. அந்த வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் விளிம்பு வரைக்கும் நிரப்புவதில்லை. புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் தேவயானி செம்பைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவாள்: "மேக்க பாத்து ஒக்காந்து குடிங்க, இல்லாட்டி சட்ட நனைஞ்சிரும்."